பேரேட்டில் ஏறாத வரவு

வியாபாரிகளாகிய நமக்குக் கணக்கு எழுதத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. பிள்ளையார் சுழி போட்டு, தேதி எழுதி, பற்று வரவு பிரித்து, கல்லா இருப்பைச் சரிபார்த்த பிறகுதான் கடையைச் சாத்துகிறோம். ஆனால் இந்தக் கடை எப்படி உண்டாயிற்று, முதல் போட்டவர் யார், அந்த முதல் எங்கிருந்து வந்தது என்று பேரப்பிள்ளைகள் கேட்டால், தாத்தாவுக்கு அப்பால் ஒரு தலைமுறையைச் சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்? உளுந்துக்கும் புளிக்கும் இருப்புக் கணக்கு வைத்திருக்கிறோம். குடும்பத்துக்கு வைக்கவில்லை.

"ராஜாக்களுக்குத்தானே சரித்திரம், கடைக்காரனுக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. புதுச்சேரியில் டியூப்ளே கவர்னராக இருந்தபோது அவருக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை ஒரு வியாபாரிதான். அவர் 1736-ஆம் ஆண்டு தொடங்கி 1761-இல் காலமாகும் வரை தமிழில் நாட்குறிப்பு எழுதி வந்தார். கப்பல் வந்தது, சரக்கு விற்றது, கவர்னர் மாளிகையில் பேசியது, சண்டையில் ஊர் பட்ட பாடு எல்லாம் அதில் உண்டு. அந்தக் காலத்துச் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் இந்த வியாபாரியின் குறிப்பைத்தான் தேடிப் போகிறார்கள்.

கோட்டையூர் ரோஜா முத்தையா நம் காலத்திலேயே வாழ்ந்தவர். பழைய புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகைகளையும் நோட்டீசுகளையும்கூடச் சேர்த்து வைத்தார். அவர் 1992-இல் மறைந்தார். அந்தச் சேகரிப்பு 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. எடைக்குப் போட வேண்டியது என்று நாம் ஒதுக்குகிற காகிதத்துக்கு என்ன மதிப்பு என்பது இதிலிருந்து விளங்கும்.

நம்மிடம்தான் பழைய பேரேடுகள் இருக்கின்றனவே, அவை போதாதா என்று கேட்கலாம். போதாது. பேரேடு தொகையைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. நம் வீட்டுப் பழைய பேரேடு ஒன்றில் ஓர் ஆசாமியின் பேரில் சரக்குப் பற்று எழுதியிருக்கிறது. வரவு என்று ஒரு வரிகூட இல்லை. சில ஆண்டுகள் பாக்கி தூக்கி எழுதி, பிறகு குறுக்கே கோடு போட்டிருக்கிறார் தாத்தா. பார்க்கிற எவரும் வாராக்கடன் என்றே நினைப்பார்கள்.

பெரிய அத்தைதான் விவரம் சொன்னார். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்ததும் லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டுப் புறப்பட்டார்களே, அவர்களில் அந்த மனிதரும் ஒருவர். காட்டு வழியே நடந்து 1942-இல் வெறுங்கையோடு ஊர் வந்து சேர்ந்தவருக்குத் தாத்தா சரக்குக் கொடுத்துச் சின்னக் கடை வைக்கச் சொன்னாராம். பிற்காலத்தில் நம் மண்டி நொடித்து, எவரும் கடன் தரத் தயங்கிய சமயத்தில், அந்த மனிதரின் மகன்தான் முன்பணம் கேட்காமல் இரண்டு லாரி பருப்பு அனுப்பி வைத்தார். இந்த வரவு எந்தப் பேரேட்டில் ஏறியிருக்கிறது? அத்தையின் நினைவில் மட்டும் இருந்தது. அத்தை 2021-இல் காலமாகிவிட்டார். அதற்கு முன்பே கேட்டு எழுதி வைத்ததால் இன்று நம் பிள்ளைகளுக்கு அது தெரியும்.

2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் நோய் கொண்டுபோன பெரியவர்கள் எத்தனை பேர்! அவர்களோடு போன செய்திகள் இனித் திரும்பா. காகிதத்துக்கும் ஆயுள் குறைவு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளில் பத்திரமும் படமும் கூழாகிப் போயின. ஜி.எஸ்.டி. சட்டம் ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்கச் சொல்கிறது. அது முடிந்தவுடன் எல்லாவற்றையும் மூட்டை கட்டி எடைக்குப் போடுகிறோம்.

மிஞ்சியதைப் படிக்கவும் ஆள் குறைந்து வருகிறது. ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்கு 1957-இல் 100 நயா பைசாவாக மாறியது. அடுத்த சில ஆண்டுகளில் வீசையும் பலமும் போய்க் கிலோ வந்தது. 40 பலம் ஒரு வீசை, ஒரு வீசை ஏறக்குறைய 1 கிலோ 400 கிராம் என்று சொல்லித் தராவிட்டால், கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்து பேரனுக்கு வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும்.

எழுதும்போது லாபத்தை மட்டும் எழுதக் கூடாது. நஷ்டப்பட்டதையும், அண்ணன் தம்பி பிரிந்ததையும் எழுத வேண்டும். பெருமையை மட்டும் கேட்டு வளர்கிற பிள்ளை, முதல் நஷ்டத்திலேயே இடிந்துபோவான். தாத்தாவும் விழுந்து எழுந்தவர்தான் என்று தெரிந்தவனுக்கு அந்தத் தைரியம் இருக்கும். பெண்களை விட்டுவிடவும் கூடாது. கடைக்குப் போட்ட முதல் பாட்டியின் கழுத்துச் சங்கிலியாக இருந்த வீடுகள் பல. கடைப் பலகையில் அவர் பெயர் இராது, நோட்டிலாவது இருக்கட்டும்.

இதற்குச் செலவு ஒன்றும் பெரிதில்லை. ஒரு நோட்டு வாங்குங்கள். வீட்டில் மூத்தவர் யாரோ அவரிடம் வாரம் ஒரு கேள்வி கேளுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தோம்? முதல் கடை எந்தத் தெருவில் இருந்தது? சரக்கு எதில் வந்தது? கடைக்கு இந்தப் பெயர் ஏன் வந்தது? கஷ்ட காலத்தில் கைகொடுத்தவர் யார்? மகமைப் பணம் எந்தக் கோயிலுக்கு, எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று? எழுதச் சோம்பலாக இருந்தால் பேரனின் செல்போனில் பேச்சைப் பதிவு செய்து, பிறகு எழுதிக்கொள்ளலாம். பழைய படங்களின் பின்பக்கம் பென்சிலால் பெயரும் ஊரும் குறித்து வையுங்கள். பேரேடுகளில் பத்து ஆண்டுக்கு ஒன்றையாவது எடைக்குப் போடாமல் நிறுத்தி வையுங்கள்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். இந்த இதழில் மாதம் ஒரு கடையின் கதையை வெளியிடலாம். பெரிய மண்டியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தெருமுனைப் பெட்டிக்கடைக்கும் கதை உண்டு.

பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள், போகட்டும். கடை கைமாறலாம், கட்டிடம் இடிபடலாம். நாணயத்தோடு பிழைத்த குடும்பம் என்பதற்கு அத்தாட்சி அவர்கள் கையில் இருக்க வேண்டும். வருகிற ஆயுத பூஜையன்று கணக்குப் புத்தகத்துக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும்போது, அதன் பக்கத்தில் இந்த நோட்டையும் வைத்து முதல் பக்கம் எழுதுவோமாக.