பாஸ்வேர்டு சரிதான், கடிகாரத்தைப் பாருங்கள்

'லாகின் ஃபெயில்டு' என்று திரையில் வந்ததும் பிள்ளைகள் செய்கிற முதல் வேலை, பாஸ்வேர்டைத் திரும்ப அடிப்பது. பிறகு இன்னொரு தடவை, இன்னும் அழுத்தி. சற்று நேரத்தில் 'ரேட் லிமிட் எக்ஸீடட்' என்று ஆட்டத் தளமான ஸ்டீம் கதவைச் சாத்திவிடும். அதன்பின் சரியான பாஸ்வேர்டே ஆனாலும் கொஞ்ச நேரத்துக்கு எடுபடாது.

கதிர்காமத்தில், வழுதாவூர் சாலைக்கு உள்ளே தள்ளிய தெருக்களில், பழைய டெஸ்க்டாப்பில் சொந்தமாக கேம் சர்வர் ஓட்டுகிற கல்லூரிப் பையன்கள் சிலரை எனக்குத் தெரியும். கவுன்டர் ஸ்ட்ரைக்குக்கு வால்வ் நிறுவனமே சென்னையில் சர்வர் வைத்திருக்கிறது. இருந்தாலும் தங்கள் விதி, தங்கள் மேப், தெரிந்த முகங்கள் என்று ஆட இவர்களுக்கு ஆசை. நல்ல ஆசை. நெட்வொர்க்கை இப்படித் தொட்டுப் பார்த்துக் கற்றவன் லேசில் மறக்கமாட்டான். அதனால்தான், அப்டேட் ராத்திரியில் அவர்கள் தவறான இடத்தைத் தோண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

பிழைச் செய்தியின் வாசகத்தை முழுதாகப் படியுங்கள் என்பதுதான் நான் சொல்வது. சர்வர் கோப்புகளை இறக்குகிற ஸ்டீம்சிஎம்டி 'இன்வேலிட் பாஸ்வேர்டு' என்றால் அது பாஸ்வேர்டு சிக்கல். 'நோ சப்ஸ்கிரிப்ஷன்' என்றால் அது வேறு கதை: நீங்கள் யார் என்பதில் அதற்குச் சந்தேகமில்லை, அந்தக் கோப்பை எடுக்க உங்கள் கணக்குக்கு உரிமை இல்லை என்கிறது. கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 சர்வர் கோப்புகளுக்குக் கணக்கே வேண்டாம், 'அனானிமஸ்' என்று நுழைந்தால் போதும். ஆர்மா 3 சர்வருக்கு அது செல்லாது, ஒரு ஸ்டீம் கணக்கு வேண்டும். ஆனால் அந்தக் கணக்கில் ஆட்டத்தை வாங்கியிருக்க வேண்டியதில்லை. அதற்கென்று காலியான தனிக் கணக்கு ஒன்று திறந்துகொள்ளலாம். காசு போட்டு ஆட்டங்கள் வாங்கி வைத்த சொந்தக் கணக்கின் பாஸ்வேர்டை ஸ்கிரிப்டில் எழுதி, அந்த ஸ்கிரிப்டை நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்பி வைக்கிற பழக்கத்தை தயவுசெய்து விடுங்கள்.

பகலில் கையால் ஓட்டினால் நடக்கும் அப்டேட், விடிகாலையில் தானாக ஓடும்போது ஸ்டீம் கார்டு பாதுகாப்புக் கோடு கேட்டு நின்றுபோகும். பெரும்பாலும் காரணம் ஒன்றே. நீங்கள் நுழைந்தது ஒரு யூசராக, தானியங்கி வேலை ஓடுவது இன்னொரு யூசராக. முதல் யூசருக்காகச் சேமித்த நுழைவு இரண்டாவதுக்குத் தெரியாது.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது கடிகாரம். போன மாதம் ஒரு பையன் வந்தான். "அங்கிள், அப்டேட் போட்டதுலேர்ந்து யாரையும் உள்ள விடமாட்டேங்குது. அதென்டிகேஷன் சர்வர் டவுன்னு வருது." மைன்கிராஃப்ட். அவன் மூலம் கேட்டுப் பார்த்ததில், மற்ற சர்வர்களில் எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். அப்டேட் போடும் சாக்கில் தூசு தட்டவென்று மெஷினைக் கழற்றி, ப்ளக்கையும் பிடுங்கியிருக்கிறார்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் எப்போதோ செத்துவிட்டது. மின்சாரம் போனதும் தேதி பல வருஷம் பின்னே ஓடிவிட்டது. இணையத்திலிருந்து தானாக நேரம் வாங்கும் வசதியையும் யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். பாதுகாப்பான இணைப்புக்கு எதிர்ப்பக்கம் நீட்டுகிற சான்றிதழில் 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை' என்று இருக்கும். பழைய தேதியில் வாழும் மெஷினுக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ். இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. மைன்கிராஃப்ட்டோ, பதில் வரவில்லை என்பதை வைத்து எதிர்ப்பக்கம்தான் படுத்துவிட்டது என்று அறிவிக்கிறது. செல்லை மாற்றி நேரத்தைச் சரிசெய்ததும் வேலை முடிந்தது.

ஒரே மெஷினில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு இதில் இன்னொரு தொல்லை உண்டு. போர்டில் உள்ள நேரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் எடுத்துக்கொள்ளும். மாறி மாறி பூட் செய்தால் இந்தியாவில் ஐந்தரை மணி நேரம் நழுவும். 30 வினாடிக்கு ஒருமுறை மாறும் இரட்டைச் சரிபார்ப்பு எண்ணை அந்த மெஷினிலேயே உருவாக்குகிறவர்களுக்கு அவ்வளவு பிசகு தாங்காது. நிறுவனங்களின் கணினிகள் என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வக நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 உத்தரவில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வற்புறுத்தியது வீணுக்கு அல்ல.

இத்தனையும் பார்க்கப் பொறுமையில்லாமல் சிலர் மைன்கிராஃப்ட் சர்வரின் அமைப்புக் கோப்பில் 'ஆன்லைன்-மோடு'க்கு எதிரே 'ஃபால்ஸ்' என்று போட்டு ஆட்டத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். இதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். சரிபார்ப்பு போய்விட்டால், அட்மின் பெயரை டைப் செய்து வருகிற எவனும் அட்மின்தான். அதோடு ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் உரிய அடையாள எண்ணும் மாறிவிடும். மாதக்கணக்கில் சேர்த்த பையும் கவசமும் இல்லாமல் புது ஆளாக நிற்பார்கள். பழைய கணக்கு அழிந்துவிடவில்லை, பழைய எண்ணின் பெயரில் கோப்பாக இருக்கிறது. ஏற்கெனவே அப்படிச் செய்திருந்தால் 'ட்ரூ' என்று திருப்பிப் போட்டால் அது மீளும். அதற்கு முன் சர்வரை நிறுத்தி, வேர்ல்டு ஃபோல்டரை முழுதாக ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.