கப்பலில் ஏழு நாள்: எதற்குப் போகலாம், எதற்குப் போக வேண்டாம்

கப்பல் என்றாலே எங்கள் வீட்டில் பிரிவு என்று அர்த்தம். என் தாய்மாமா சொல்தாவாகப் பிரான்சுக்குப் போன கதையை அம்மா ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் பெரிய கப்பல் நம் புதுச்சேரிக் கரையை ஒட்டி வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சலங்கில் ஏறி, அலையைத் தாண்டிப் போய் அதைப் பிடிக்க வேண்டும். சலங்கு சின்னப் புள்ளியாகிற வரைக்கும் அம்மா கரையில் நின்றாராம். வாரக்கணக்கில் போய், சுயஸ் கால்வாய் தாண்டி, மாமா இறங்கிய இடம் மர்செய்.

அதே மர்செய் துறைமுகத்தில் போன ஜூலையில், எழுபத்து மூன்று வயதில், நானும் மனைவியும் கப்பல் ஏறினோம். பாரிஸ் புறநகரில் இருக்கும் மகளும் மாப்பிள்ளையும் பணம் கட்டி, பேரப்பிள்ளைகள் இருவரோடு எங்களையும் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்ததிலிருந்து கடற்கரையில் மாலை நடை போகும்போது நண்பர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நமக்கெல்லாம் இது சரிப்படுமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது.

முதலில் அளவு. 2024-இல் ஓட ஆரம்பித்த 'ஐகான் ஆஃப் தி சீஸ்' என்கிற கப்பலில் இருபது தளம். 7,600 பயணிகள் வரை ஏறலாம். டைட்டானிக்கைப் போல ஐந்து மடங்குக்கு மேல் கொள்ளளவு. நாங்கள் போனது அதைவிடச் சிறியதுதான், ஆனாலும் பயணிகள் மட்டும் ஐயாயிரம் பேருக்கு மேல். இந்த மாதிரிக் கப்பல்கள் பல பிரான்சில் சேன்-நசேர் என்கிற ஊரில் கட்டப்படுகின்றன. லுவார் நதி கடலில் சேரும் இடம், கப்பல் கட்டும் தொழில் என்று கல்வே காலேஜில் பூகோளப் பாடத்தில் ஒப்பித்தது இன்னும் நினைவிருக்கிறது. நம் சங்கராபரணி எங்கே கடலில் சேர்கிறது என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை, அது வேறு கதை.

உள்ளே நடைபாதை ஒன்றே நம் கடற்கரைச் சாலையில் கால்வாசி நீளம் இருக்கும். அறை ஒரு கோடியில், சாப்பாட்டுக்கூடம் மறு கோடியில். முழங்கால் வலி உள்ளவர்கள் லிஃப்டுக்குப் பக்கத்து அறையாகக் கேட்டு வாங்க வேண்டும். குளியலறை வாசலில் சாண் உயரத்துக்குப் படி மாதிரி ஒரு தடுப்பு உண்டு. இரவில் எழுந்து போகும்போது நான் இரண்டு தடவை இடித்துக்கொண்டேன். உள்பக்க அறை விலை மலிவு, ஆனால் ஜன்னல் இல்லாததால் பகலா இரவா என்றே தெரியாது. காசு மிச்சம் பிடிக்க வேறு இடம் பாருங்கள்.

வாந்தி வருமா என்று பயப்படுகிறீர்கள். பெரிய கப்பலில் ஆட்டம் குறைவு. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சோறு உண்டு, அது நம்ம சோறு இல்லை. தயிர் தாராளமாகக் கிடைக்கிறது, பிசைந்துகொள்ளலாம். மாத்திரைகளைக் கைப்பையிலேயே வையுங்கள். துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு வந்து சேர ராத்திரியாகிவிடும். கப்பலில் டாக்டர் இருக்கிறார், ஆனால் கட்டணம் நம் கையிலிருந்து. ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். அது கப்பலிலும் செல்லுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முப்பத்தெட்டு வருஷம் கோப்பு பார்த்தவன் சொல்கிறேன்: எழுத்தில் இல்லாதது நடக்காதது.

கணக்கு விஷயமும் அப்படித்தான். டிக்கெட் விலையைப் பார்த்து மலிவு என்று நினைக்கக் கூடாது. கையில் ஒரு அட்டை கொடுப்பார்கள். கதவு திறப்பதும் அதுதான், காசு பிடிப்பதும் அதுதான். குளிர்பானம், இணையம், கரையில் பேருந்து, போட்டோ எல்லாம் தனி. ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணமும் ஏறும். கடலில் போகும்போது போனை விமான நிலையில் வைக்காவிட்டால், கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்து, வீட்டுக்கு வந்தபின் பில் பயமுறுத்தும். தினமும் ராத்திரி கணக்கைக் கேட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் நாங்கள் குடிக்காத பானத்துக்குப் பணம் எழுதியிருந்தார்கள். கேட்டவுடன் நீக்கிவிட்டார்கள். கேட்காதவர்கள் எத்தனை பேரோ!

ஊர் பார்க்கலாம் என்று போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஜெனோவா, ரோம், பலெர்மோ, பார்சலோனா என்று பட்டியல் அழகாக இருக்கும். ரோம் என்று போட்டிருப்பது சிவித்தவெக்கியா துறைமுகம். அங்கிருந்து ரோம் எண்பது கிலோமீட்டர். போக வர மூன்று மணி நேரம் பேருந்தில் கழிந்தது. கொலோசியத்தை வெளியிலிருந்து பார்த்தோம், மனைவி நிழல் தேடி உட்கார்ந்தாள், திரும்பிவிட்டோம். அந்த ஊர்க்காரர்களுக்கும் நம்மால் பெரிய சந்தோஷம் இல்லை. வெனிஸ் நகரத்தின் நடுக் கால்வாய் வழியே பெரிய கப்பல்கள் போகக் கூடாது என்று 2021-இல் இத்தாலி தடை போட்டுவிட்டது. சனி ஞாயிறுகளில் நம் வெள்ளையர் தெருக்கள் படும் பாட்டை நினைத்தால் அவர்கள் கோபம் புரிகிறது.

அப்படியானால் எதற்குப் போவது? குடும்பத்தோடு இருக்க. ஆனால் இங்கேதான் எனக்கு முக்கியமான குறை. குடும்பச் சுற்றுலா என்று விற்கிற அந்தக் கப்பல், குடும்பத்தை நாலாபக்கமும் பிரிக்கிற மாதிரித்தான் கட்டப்பட்டிருக்கிறது. எட்டு வயதுப் பேரனுக்குக் குழந்தைகள் கிளப். பதினாலு வயதுப் பேத்திக்கு இளைஞர்களுக்கென்று தனி இடம், ராத்திரி பதினொன்று வரை. மகளும் மாப்பிள்ளையும் வருஷம் முழுவதும் உழைத்த களைப்பில் நீச்சல்குளத்தோரம் தூங்கினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். கிழவன் கிழவிக்கு பால்கனியும் கடலும். கடல் நமக்குப் புதுசா?

இரண்டாம் நாள் ராத்திரி மனைவி சொன்னாள்: "இதுக்கு நம்ம வீட்டுலயே உக்காந்து போன்ல பாத்திருக்கலாம்."

அவளுடைய சங்கடம் உங்களில் பலருக்குப் புரியும். அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. பேரனுக்குத் தமிழ் வராது. ஆனந்தரங்கப்பிள்ளை துய்ப்ளேக்சுக்குத் துபாஷியாக இருந்ததுபோல அவர்கள் இருவருக்கும் நடுவில் நான். ஆயா என்ன கேட்கிறாள் என்று அவன் என் முகத்தைப் பார்ப்பான். அவன் என்ன சொன்னான் என்று அவளும் என் முகத்தைத்தான் பார்ப்பாள். எட்டு வருஷமாக இப்படி.

மறுநாள் காலையில் மகளிடம் வெட்கப்படாமல் கேட்டேன். ராத்திரிச் சாப்பாடு ஆறு பேரும் ஒரே மேசையில், போன் இல்லாமல். காலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகள் எங்களோடு. அவள் கண் கலங்கிவிட்டது. "கேட்டிருந்தா முதல் நாளே செஞ்சிருப்பேனே அப்பா" என்றாள். அதுவும் சரிதான், நான்தான் கேட்கவில்லை.

பலெர்மோவுக்கு அப்புறம் ஒரு நாள் முழுக்கக் கடல். காற்று பலமாக இருந்ததால் நீச்சல்குளத்தை மூடிவிட்டார்கள். மனைவி பெட்டியிலிருந்து தாயக்கட்டையை எடுத்தாள். எனக்கே தெரியாமல் கொண்டுவந்திருக்கிறாள். அன்றைய நிகழ்ச்சி நிரல் தாள், நூறு கேளிக்கை அச்சடித்தது, அதன் பின்பக்கத்தில் கட்டம் வரைந்தாள். தாயம் விழாமல் காய் இறங்காது என்பதைக் கையாலேயே காட்டினாள். அரை மணி நேரத்தில் பையன் "தாயம்! அஞ்சு! பன்னெண்டு!" என்று கத்துகிறான். ஆயா கள்ளாட்டம் ஆடினதையும் கண்டுபிடித்துவிட்டான். இருவரும் சண்டை போட்டார்கள், அவள் தமிழில், அவன் பிரெஞ்சில். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. துபாஷிக்கு அன்றைக்கு வேலை போய்விட்டது. மத்தியானம் அவன் கிளப்புக்குப் போகவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் அறையைச் சுத்தம் செய்த பையன் தூத்துக்குடிப் பக்கம். ஒன்பது மாத ஒப்பந்தம், நடுவில் முழு விடுமுறை நாள் கிடையாதாம். மகள் பிறந்து நாற்பதாம் நாள் வந்தவன், அதற்கப்புறம் போனில்தான் பார்க்கிறான். மகளுக்காக எடுத்துப்போன நார்த்தங்காய் ஊறுகாயில் பாதியை மனைவி அவனுக்குக் கொடுத்தாள். நம் குடும்பம் ஒன்றாக இருக்க, அவன் குடும்பத்தைப் பிரிந்து நிற்கிறான். கப்பல் என்றால் பிரிவு என்று அம்மா சொன்னது அவன் வீட்டில் இன்னும் உண்மை. கடைசி நாள் அப்படிப்பட்டவர்கள் கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள். கணக்கில் பிடித்த சேவைக் கட்டணம் அவர்களுக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்று நமக்கு எப்படித் தெரியும்?

ஆக, என் கருத்து இதுதான். முழங்கால் இருக்கும்போதே போய்வாருங்கள். ஐரோப்பாவைப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளப் போகாதீர்கள். பிள்ளைகள் கூப்பிட்டால், ஏறுவதற்கு முன்பே "ராத்திரிச் சாப்பாடு எல்லோரும் சேர்ந்து" என்று பேசி முடித்துவிடுங்கள். தயக்கம் வேண்டாம், அவர்களும் யாராவது சொல்லட்டும் என்றுதான் காத்திருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பாரிசிலிருந்து போன் வந்தது. வழக்கமாக என்னிடம்தான் முதலில் பேசுவான். "ஆயா?" என்று கேட்டான். போனை அவளிடம் கொடுத்துவிட்டு நான் காப்பி போடப் போனேன்.