ஹால்டிங் என்றால் எத்தனை மணி நேரம்?

“பத்து வீல் ஒண்ணு வேணும். சிமெண்ட் லோடு, ஓப்பன் பாடி, டன் வாடகை. அட்வான்ஸ் எண்பது, பாக்கி பி.ஓ.டி. வந்ததும். இறக்குற எடத்து மாமூல் வண்டிக்காரரோடது.” சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ புக்கிங் ஆபீஸ் பக்கம் போய் நின்றால் காலை பத்து மணிக்குள் இப்படிப்பட்ட பேச்சு பலமுறை காதில் விழும். வெளியாளுக்கு இதில் பாதிகூட விளங்காது. நமக்கு முழுவதும் விளங்குகிறது என்று நினைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டு வண்டியை அனுப்புகிறோம். உண்மையில் அந்தப் பேச்சில் பத்து வீல் என்ற ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே ஆளுக்கொரு அர்த்தம் கொண்ட சொற்கள். பத்து வீல்கூட முழுக்கத் தெளிவு என்று சொல்லிவிட முடியாது.

தொழில் பாஷை இருப்பது குற்றமல்ல. வேகமாகப் பேசி முடிக்க அது வேண்டும். டாடா வண்டியையும் ‘டாரஸ்’ என்று அழைத்துப் பழகிய ஊர் இது. லேலண்ட் கம்பெனி வைத்த மாடல் பெயர், பத்து வீல் வண்டிக்கே பொதுப்பெயராகிவிட்டது. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பணம் சம்பந்தப்பட்ட சொல் அப்படி நெகிழ்ந்து கிடந்தால், நஷ்டம் எப்போதும் ஒரே பக்கமாகத்தான் சாய்கிறது: வண்டி வைத்திருப்பவர் பக்கமாக.

வீல் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நாம் வண்டியை வீலால் எண்ணுகிறோம், ஆர்.சி. புத்தகம் எடையால் எண்ணுகிறது. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் உள்ள பின் அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆனது. ஆறு வீல் வண்டியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னுக்குப் போனது. ஆக, ஆறு வீல் என்று சொன்னால் பழைய ஆர்.சி.யில் ஒரு எடை, புதிய ஆர்.சி.யில் ஒரு எடை. போதாததற்கு, அந்த 18.5 என்பது வண்டியின் சொந்த எடையும் சேர்ந்த கணக்கு. புதிதாக வரும் பார்ட்டி அதைச் சரக்கின் எடை என்று எடுத்துக்கொண்டு பில் போடுகிறார். எடைமேடையில் நின்ற பிறகுதான் தகராறு தொடங்குகிறது. ‘பாஸிங் எவ்வளவு, காலி வண்டி எவ்வளவு’ என்ற இரண்டு எண்ணையும் லோடு பேசும்போதே சொல்லிவிட்டால் இந்தத் தகராறே வராது.

வரம்புக்குள் ஏற்றுவதற்கு நம் தொழிலில் ‘அண்டர்லோடு’ என்று பெயர். சட்டப்படி ஏற்றினால் அது ஏதோ குறைவாக ஏற்றியதுபோல! “கூட ரெண்டு டன் போட்டுக்கலாம்” என்பது சாதாரணப் பேச்சாகவும் ஆகிவிட்டது. 2019 செப்டம்பர் 1 முதல் அந்தப் பேச்சின் விலை வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவின்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. மூன்று டன் கூடினால் 26,000. கட்டிவிட்டு அப்படியே போய்விடலாமா என்றால் அதுவும் முடியாது. கூடுதல் சரக்கை இறக்க வேண்டும். அபராதம் கட்டியது தொடர்ந்து ஓட்ட அனுமதி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2005-லேயே பரம்ஜித் பாசின் வழக்கில் சொல்லிவிட்டது. டிரைவர் தானாக ஏற்றிக்கொண்டார் என்ற பதிலும் எளிதில் எடுபடாது. ஓனருக்குத் தெரிந்தே நடந்தது என்று நீதிமன்றம் கருதிக்கொள்ள 113-ஆம் பிரிவு இடம் தருகிறது. ‘கூட ரெண்டு டன்’ கேட்கும் பார்ட்டியிடம் அதை ஒரு வரி எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். எழுதித் தருபவரைக் காண்பது அரிது.

இனி ஹால்டிங், அதாவது வண்டி காத்து நிற்பதற்கான கூலி. நம் சொற்களில் அதிகப் பணத்தை விழுங்குவது இதுதான் என்பது என் எண்ணம். வண்டி குடோன் வாசலில் இரண்டு நாள் நிற்கிறது. ஹால்டிங் கேட்டால், “முதல் நாள் ஃப்ரீ” என்கிறார் புக்கிங் ஏஜெண்ட். “ஞாயிற்றுக்கிழமை கணக்கில்லை” என்கிறார் பார்ட்டி. “கேட் உள்ளே வந்த நேரம்தான் எங்களுக்குத் தெரியும்” என்கிறார் குடோன் பொறுப்பாளர். மூவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் அகராதியைப் படிக்கிறார்கள். இதற்கிடையில் தவணை ஓடுகிறது, இன்சூரன்ஸ் ஓடுகிறது, டிரைவர் படி ஓடுகிறது. வண்டி மட்டும் ஓடவில்லை.

கேள்விகள் சிறியவைதான். கணக்கு எந்த நிமிடத்தில் ஆரம்பிக்கிறது, டிரைவர் வாசலில் ரிப்போர்ட் செய்தபோதா, டோக்கன் கொடுத்தபோதா, கேட்டுக்குள் நுழைந்தபோதா? இலவச நேரம் எத்தனை மணி? விடுமுறை நாள் சேருமா? அதற்குப்பின் தொகை நாளுக்கா, மணிக்கா, பத்து வீலுக்கும் பதினாறு வீலுக்கும் ஒன்றேதானா? இவற்றுக்குப் பதில் சலானில் இல்லாமல் ஹால்டிங் கேட்பது, பில் இல்லாமல் கடன் வசூலிக்கப் போவதற்குச் சமம்.

ரிப்போர்ட் செய்த நேரத்துக்குச் சாட்சி வைப்பது முன்போல் கடினமில்லை. கடைசிச் சுங்கச்சாவடியைத் தாண்டிய ஃபாஸ்டேக் குறுஞ்செய்தி ஓனர் கைபேசியிலேயே இருக்கிறது. வாசலில் வண்டி நம்பர் தெரிய ஒரு படம் எடுத்து, அதே நிமிடம் ஏஜெண்டுக்கு வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். இறக்கி முடித்ததும் எல்.ஆர். (சரக்கு ரசீது) பின்பக்கத்தில் வந்த நேரம், இறக்கிய நேரம் இரண்டையும் எழுதிக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால், மறுத்ததையும் எழுதி உடனே அனுப்பச் சொல்லுங்கள். பழக்கப்படாத டிரைவருக்கு முதலில் இது சங்கடமாகத்தான் இருக்கும்.

ஹால்டிங்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் செல்லும். வாசலில் காத்திருக்கையில் அது காலாவதியானால், காலாவதிக்கு முந்தைய 8 மணி நேரத்துக்குள்ளோ பிந்தைய 8 மணி நேரத்துக்குள்ளோ நீட்டித்தாக வேண்டும். அந்த வேலை யாருடையது என்பதும் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. அதிகாரி பிடித்தால் நிற்கப்போவது வண்டி. அப்போது பார்ட்டிக்கு இது ‘வண்டிக்காரர் பிரச்சினை’ ஆகிவிடுகிறது.

மாமூல் என்ற சொல்லைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஏற்றுக்கூலி ஆளுக்குக் கொடுக்கும் வழக்கமான தொகையும் அதற்குள் இருக்கிறது, கொடுக்கவே கூடாத தொகையும் அதற்குள் இருக்கிறது. இரண்டையும் ஒரே வரியில் எழுதுகிற ட்ரிப் ஷீட், ஓனருக்கும் டிரைவருக்கும் இடையே சந்தேகத்தை மட்டுமே வளர்க்கும். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, தார்ப்பாய் கட்டும் கூலி என்று பிரித்து எழுதினாலே பாதி மாமூல் காணாமல் போய்விடும்.

எல்.ஆர். பற்றி ஒரு தவறான எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. எல்.ஆர். கையில் இருந்தால் வாடகைக்கு அதுவே பத்திரம் என்று பல ஓனர்கள் நினைக்கிறார்கள். எல்.ஆர். என்பது புக்கிங் ஆபீசுக்கும் சரக்கு அனுப்புபவருக்கும் இடையிலான ரசீது. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 1865-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு 2011 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. சரக்கு ரசீது என்று அது சொல்வது இதைத்தான். சரக்கின் எடைக்கும் எண்ணிக்கைக்கும் அது முதல்நிலைச் சாட்சி. வண்டி ஓனருக்கும் புக்கிங் ஆபீசுக்கும் உள்ள ஒப்பந்தம் அதில் இல்லை. அது இருப்பது நாம் மடித்துச் சட்டைப்பையில் வைக்கும் வாடகைச் சலானில். அந்தச் சலானிலோ வண்டி நம்பர், ஊர், மொத்த வாடகை, அட்வான்ஸ் ஆகியவற்றைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை.

எல்.ஆர். மேல் ‘ஓனர் ரிஸ்க்’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து, சேதம் ஆனால் நம் தலையில் விழும் என்று பயப்படும் வண்டிக்காரர்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே ஓனர் என்பது சரக்கின் ஓனர். அந்த இரண்டு சொல்லை மட்டும் நம்பிப் புக்கிங் ஆபீசும் பொறுப்பிலிருந்து முழுவதும் நழுவ முடியாது. அனுப்புபவர் அதிக மதிப்பை அறிவித்து அதற்கான கட்டணம் கட்டாதவரை, பொறுப்பு வாடகையின் பத்து மடங்குக்குள் அடங்கும் என்று 2011 விதிகள் வரம்பு கட்டியிருக்கின்றன. வண்டிக்காரர்களிலோ, ஷார்ட்டேஜ் என்ற பெயரில் பாக்கித் தொகை முழுவதையும் பிடித்துக்கொள்வதை ஒப்புக்கொண்டு வருபவர்கள் அநேகம். 20 டன் சிமெண்ட் என்றால் 400 மூட்டை. ஏற்றும்போது எண்ணிக் கையெழுத்துப் போட்டது யார், கிழிந்த மூட்டை எத்தனை என்று எழுதியது யார் என்று தெரியாமல் பிடித்தம் செய்வதற்கு எந்தச் சட்டமும் துணை நிற்காது.

பாக்கி ‘பி.ஓ.டி. வந்ததும்’, அதாவது சரக்கை ஒப்படைத்த ரசீது வந்ததும், என்கிறோமே, அந்த ‘வந்ததும்’ என்பதற்கு நாள் கிடையாது. ஆனால் சட்டத்தில் உண்டு. உத்யம் பதிவு உள்ள குறு, சிறு தொழில் என்றால், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளில் பணம் வர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டி இழுக்க முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியாக. ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவரும் இந்தப் பதிவைச் செய்யலாம்; கட்டணமில்லை. செய்தவர் சலானில் அந்தப் பதிவு எண்ணையும் எழுதி வைப்பது நல்லது.

பணத்தை விட்டு உயிருக்கு வருகிறேன். ‘நியூட்ரலில் விடுவது’ என்ற சொல்லுக்கு நம் டிரைவர்கள் தரும் அர்த்தம் டீசல் மிச்சம். தருமபுரியிலிருந்து சேலம் வரும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன விலை கொடுத்திருக்கிறோம் என்று இந்த வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வண்டி கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்றைய எலெக்ட்ரானிக் எஞ்சின் டீசலைத் தானே நிறுத்திக்கொள்கிறது. நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருப்பதற்காக டீசல் குடித்துக்கொண்டே இருக்கிறது. எஞ்சின் பிடிமானம் போய்விடுவதால் முழு பாரமும் பிரேக் டிரம்மில் விழுகிறது. லைனிங் சூடேறிப் பிடி விட்டுப்போகிறது. ஆக, மிச்சமும் இல்லை, பிரேக்கும் இல்லை. டிரைவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ‘மைலேஜ்’ வந்தால் இவ்வளவு, வராவிட்டால் பிடித்தம் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும் ஓனர்தான் அந்த நியூட்ரலுக்கு முதல் காரணம்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.-6 வண்டிகளோடு ஒரு சொல் பரவலாகிவிட்டது: ‘யூரியா’. புகைக்குழாய் சுத்திகரிப்புக்கு ஊற்றும் திரவம் அது. 32.5 சதவீதம் தூய யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். பெயர் யூரியா என்று ஆகிவிட்டதால் உர மூட்டையைக் கரைத்து ஊற்றும் வேலையும் அங்கங்கே நடக்கிறது. உர யூரியாவில் வேப்பெண்ணெய்ப் பூச்சு உண்டு. அது பம்பையும் கேட்டலிஸ்ட்டையும் அடைத்துவிடும். மானிய உரத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது தனிக் குற்றம். வாளிக் கணக்கில் மிச்சம் பார்த்து, லட்சக் கணக்கில் பட்டறைக்குக் கொடுக்க வேண்டாம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த லோடு பேசும்போது சலானில் இந்த நான்கையும் எழுதி வாங்குங்கள்: பாஸிங் எடை, ஹால்டிங் ஆரம்பிக்கும் நேரமும் தொகையும், ஏற்று இறக்குக் கூலி யாருடையது, பாக்கி தரும் நாள். எழுத மறுக்கும் ஆபீஸ்களில் என்ன காரணம் சொல்கிறார்கள் என்பதையும், உங்கள் லைனில் ஹால்டிங்குக்கு என்ன கணக்கு நடக்கிறது என்பதையும் எங்களுக்கு எழுதியனுப்புங்கள். பெயர் போடாமல் தொகுத்து வெளியிடுகிறோம். நான்கு வரிக்கும் இடம் விட்டு ஒரு மாதிரிச் சலான் இந்த இதழோடு இணைத்திருக்கிறோம். நகலெடுத்துக்கொள்ளுங்கள்.