பிள்ளைக்கு மாசம் 6,000... எத்தனை வருஷத்துக்கு?

சேரப்பணஞ்சேரி, ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போற ஒரு தம்பதி பிரியுறாங்கன்னு வெச்சுக்குங்க. பெரியவங்க உட்கார்ந்து பேசி, "நாலு வயசுக் குழந்தை அம்மாகிட்ட இருக்கட்டும், அப்பா மாசம் 6,000 கொடுக்கட்டும்"னு முடிச்சிடுறாங்க. கோர்ட் வாசல் மிதிக்காம முடிஞ்சதேன்னு எல்லாருக்கும் நிம்மதி.

என்னைக் கேட்டா இது பாதி வேலைதான். செலவு வருஷத்துக்கு 8% ஏறுதுன்னு வெச்சா, இன்னைக்கு 6,000-ல நடக்கிறதுக்கு 10 வருஷம் கழிச்சு கிட்டத்தட்ட 13,000 வேணும். அப்போ பிள்ளை ஒன்பதாவது படிக்கும். மீதி 7,000 யார் தலையில விழும்? அம்மா தலையிலதான். அப்பாவுக்கு நடுவுல இன்கிரிமென்ட் வந்திருக்கும், பிள்ளைக்கு மட்டும் வராது!

குழந்தை யார்கிட்ட இருக்கணும்கிறதுல 1956-ம் வருஷ இந்துச் சட்டம், 5 வயசுக்குள்ள சாதாரணமா அம்மாகிட்டன்னு சொல்லுது. ஆனா கடைசியில கோர்ட் பார்க்கிறது குழந்தையோட நலனைத்தான். சம்பளம் அதிகம்கிறதுக்காக மட்டும் கஸ்டடி கிடைச்சிடாது.

தொகைக்கு ஃபார்முலா எதுவும் கிடையாது. "சம்பளத்துல 25%"னு சொல்றாங்களே, அது 2017-ல சுப்ரீம் கோர்ட் ஒரு மனைவியோட ஜீவனாம்ச வழக்குல சொன்னது. எல்லாருக்கும் பொது விதி இல்லை. 2020 நவம்பர்ல வந்த ரஜ்னேஷ் – நேஹா தீர்ப்புதான் முக்கியம். ரெண்டு பேருமே வருமானம், சொத்து, கடன் எல்லாத்தையும் பிரமாணப் பத்திரத்துல எழுதிக் கொடுக்கணும். ஓ.டி. காசை மறைக்கிற வேலை வேண்டாம். அம்மாவும் போதுமான அளவு சம்பாதிச்சா படிப்புச் செலவை வருமானத்துக்குத் தக்கபடி பங்கு போடலாம். பணம் மனு போட்ட தேதியில இருந்து கணக்கு. அதனால, தள்ளிப் போட்ட ஒவ்வொரு மாசமும் நஷ்டம்.

"பிள்ளையைக் காட்டல, அதனால பணம் தரமாட்டேன்"ங்கிறது எனக்குச் சுத்தமா பிடிக்காத வாதம். பார்க்கிற உரிமைக்குத் தனியா மனு போடுங்க. ஸ்கூல் அதுவரைக்கும் ஃபீஸுக்குக் காத்திருக்காது. பணம் வரலைன்னு பிள்ளையைக் காட்டாம இருக்கிறதும் அதே தப்புதான்.

பேசி முடிச்சாலும் சரி, அதை கோர்ட் உத்தரவா வாங்கிடுங்க. வருஷா வருஷம் எத்தனை சதவீதம் ஏறும்னு அதுல எழுதுங்க. ஸ்கூல் ஃபீஸ் தனி வரி. அப்பாவுக்கு இ.எஸ்.ஐ. இருந்தா பிள்ளை பேர் அதுல தொடரணும். ஏற்கெனவே பழைய தொகைக்கு மெயின்டெனன்ஸ் உத்தரவு இருந்தா, நிலைமை மாறினதைக் காட்டி கூட்டச் சொல்லி மனு போடலாம் (பி.என்.எஸ்.எஸ். 146-வது பிரிவு). வக்கீல் செலவுக்குப் பயந்து நிக்காதீங்க. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காம இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்கு போன் பண்ணுங்க.