மேலே பளபளப்பு, உள்ளே உப்பு

பழைய அம்பாசிடரைப் புதுப்பிக்கக் கொடுப்பவர்கள் பட்டறையில் முதலில் பேசுவது நிறத்தைப் பற்றித்தான். பிறகு சீட், குரோமியம், இன்ஜின். கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் இரும்புப் பெட்டியின் உள்பக்கம் பேச்சில் வருவதே இல்லை. பெயின்ட்டுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை முதலில் அந்த இருட்டுக்குள் செலவிட வேண்டும் என்பது என் வாதம். திருப்பூர், பல்லடம், அவினாசிப் பக்கம் ஓடும் வண்டி என்றால் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

அம்பாசிடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும் லாரிக்கு இருப்பதுபோலத் தனிச் சேஸி கிடையாது. மடித்த தகடுகளை ஸ்பாட் வெல்டிங்கில் சேர்த்த வெற்றுப் பெட்டிகள்தான் வண்டியின் எடையைச் சுமக்கின்றன. இன்று கார் பாடியை முழுதாகத் தொட்டியில் முக்கி, மின்னோட்டத்தின் உதவியால் பிரைமரை உள்மூலை வரை படிய வைக்கிறார்கள். 1960களின் வண்டிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இரண்டு தகடுகள் ஒட்டும் மயிரிழை இடைவெளியில் தண்ணீர் தானாக ஏறும். ஏறியது எளிதில் காயாது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும் என்பதால் மூட்டையே நெம்பிப் பிளக்கும். புதுப்பிக்கும் வேலையும் தன் பங்குக்குக் கெடுதல் செய்கிறது. டிங்கர் புதுத் தகடு வைத்து வெல்டு செய்யும்போது, அந்தச் சூட்டில் மறுபக்கத்து பிரைமர் கருகிவிடுகிறது. வெளியே கிரைண்டர் பிடித்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து மறைத்துவிடலாம். உள்ளே கருகிய இடம் வெறும் இரும்பாக நிற்கும். ஆக, அதிகச் செலவு செய்து மாற்றிய இடமே முதலில் அரிக்கத் தொடங்குகிறது.

இங்கே கடல் இல்லை, மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி, துருவுக்கு ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பார்கள். உப்பு கடலிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. பருத்தித் துணிக்கு அடர்நிறம் ஏற்ற, இங்குள்ள சாயப்பட்டறைகளின் தொட்டியில் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும் உப்புப் போடுவது வழக்கம். பல ஆண்டுகள் அந்தக் கழிவு நொய்யல் ஆற்றில் இறங்கியது. 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பதிலாகச் சாயக்கழிவைத் தேக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பிறகே கழிவு வெளியேற்றம் கறாராகக் கட்டுப்படுத்தப்பட்டது. ஆனால் மண்ணுக்குள் ஏற்கெனவே இறங்கிய உப்பு ஓர் உத்தரவில் போய்விடுமா? பல இடங்களில் போர் தண்ணீர் இன்னும் உப்புதான். அந்தத் தண்ணீரால் வாட்டர் சர்வீஸ் செய்தால், அழுத்தத்தில் பீய்ச்சிய நீர் பெட்டிக்குள் புகும். நீர் ஆவியாகும், உப்பு தங்கும், அடுத்த முறை இன்னும் சேரும். காற்றிலுள்ள ஈரத்தையும் அந்த உப்பே இழுத்துவைக்கும். சாய இயந்திரங்களைச் சாதாரண இரும்பில் செய்யாமல் துருப்பிடிக்காத எஃகில் செய்வது ஏன் என்று எந்தச் சாயப்பட்டறைக்காரருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பனியனைத் திருப்பிப் பிடித்து உள்தையலைப் பார்த்து வாங்கும் ஊர் இது. அதே கண் காருக்கும் வேண்டும்.

பழைய இன்ஜின் ஆயிலை அடித்தால் போதும் என்பது இன்னொரு வாதம். ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட அது மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் எரிந்த ஆயிலில் அமிலமும் கரியும் கலந்திருக்கின்றன, ரப்பரை ஊதவைக்கும், ஒரு கோடையில் வடிந்து, ஏற்கெனவே நொந்த மண்ணில் சேரும். அறை மெழுகு, அதாவது பட்டறையில் கேவிட்டி வாக்ஸ் என்று கேட்டு வாங்குவது, இண்டு இடுக்குகளில் ஊர்ந்து நுழைந்து அங்கேயே படலமாக நிற்கும்.

ஈரத்தை மெழுகு உள்ளே பூட்டிவிடாதா என்பது நியாயமான அச்சம். ஈரத்தோடு அடித்தால் நிச்சயம் பூட்டும். அதனால்தான் வரிசை முக்கியம். முதலில் எல்லா வெல்டிங்கும் முடிய வேண்டும். மெழுகுக்குப் பிறகு வெல்டு வைத்தால் அது எரிந்துபோகும், தீப்பிடிக்கவும் கூடும். உப்பில்லாத தண்ணீரால் உள்ளே அலசி, கம்ப்ரஸர் காற்றால் ஊதி, சில நாள் வெயிலில் நிறுத்த வேண்டும். பெயின்ட் சூட்டில் காய்ந்து முடிந்தபின், சுற்றிலும் பீய்ச்சும் முனை கொண்ட நீளக் குழாயை இருக்கும் துளைகள் வழியாகவே நுழைத்து அடிக்கலாம். அடியிலுள்ள வடிகால் துளைகளை மெழுகோ அண்டர்கோட்டிங்கோ அடைக்காமல் கம்பியால் குத்திவிட வேண்டும். மிச்ச மெழுகு ஓரிரு நாள் அங்கே சொட்டும். அது நல்ல அறிகுறி.

கம்பெனி போடாத மெழுகு அசல் தன்மையைக் கெடுக்கும் என்பவர்கள் எதை அசல் என்கிறார்கள்? மெழுகைக் கரைத்து எடுத்துவிடலாம்; மட்கிய தகட்டைத் திரும்பப் பெற முடியாது. 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாத வாகனமே விண்டேஜ் பதிவுக்கு உரியது. உத்தரபாரா ஆலையிலோ 2014-லேயே அம்பாசிடர் உற்பத்தி நின்றுவிட்டது. எனவே கையில் இருக்கும் பாடிதான் மிச்சம். பட்டறைகளும் இதைத் தனி வேலையாகக் கூலியோடு பில்லில் எழுத வேண்டும். கதவின் உள்பலகையைப் பூட்டும் முன், குழாய் கேமராவை உள்ளே விட்டு எடுத்த படத்தை உரிமையாளரிடம் காட்ட வேண்டும்.