சிறார் நலப்பணியும் உள்ளூராட்சி உறுப்பினரும்

ஒக்டோபர் மாதம் முதலாந் திகதி சிறுவர் தினம். அன்று திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழவுள்ள சிறுவர் இல்லங்களுக்கு விருந்தினர் வருகை மிகுதி. உள்ளூராட்சி மன்ற உறுப்பினர் வருவார். அவருடன் ஆதரவாளர் வருவர். படப்பிடிப்பாளரும் தவறாது வருவார். உணவுப் பொதிகளும் பயிற்சிக் கொப்பிகளும் வழங்கப்படும். ஒரு மணி நேரத்தில் யாவரும் கலைந்து செல்வர்.

பல்கலைக்கழகம் புகுமுன் இத்தகைய இல்லமொன்றில் மாலை வேளைகளிற் கணிதம் கற்பித்து வந்தேன். அங்கு வந்த உறுப்பினர் ஒருவர் பத்து வயதுச் சிறுவனொருவனுக்கு உணவுப் பொதியை வழங்கினார். வெளிச்சம் போதவில்லை என்றார் படப்பிடிப்பாளர். சிறுவன் பொதியைத் திருப்பிக் கொடுத்து மீண்டும் பெற்றான். மறுமுறையும் அவ்வாறே நிகழ்ந்தது. அவன் முகஞ் சுளிக்கவில்லை. அது அவனுக்குப் பழகிப்போயிருந்தது. அதுவே என்னை வருத்தியது. அச்சிறுவனின் தாய் உயிரோடிருந்தார். அவனைத் திரும்ப அழைத்து வளர்க்க அவரால் இயலுமா, இயலாதெனின் குறைபாடு யாது என்று விசாரித்தறிய வேண்டிய நன்னடத்தை உத்தியோகத்தர் நெடுநாளாக வந்திருக்கவில்லை. பின்னர் அவரைச் சந்திக்க நேர்ந்தது. அவர் சோம்பேறியல்லர். காலையில் நீதிமன்றம், நண்பகலில் அறிக்கை, எஞ்சிய பொழுதில் பேருந்தேறிக் கிராமங்களுக்குப் பயணம். அவருடைய மேசையைப் பார்க்க எந்த உறுப்பினரும் ஒருநாளும் வந்ததில்லை.

உறுப்பினர்கள் தவறான கதவைத் தட்டுகின்றனர் என்பதே எனது குற்றச்சாட்டு. அவர்கள் செல்ல வேண்டியது பிள்ளைகளிடமன்று, பிள்ளைகளுக்காகப் பணிபுரிவோரிடம். நன்னடத்தை உத்தியோகத்தரும், பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும், உளவளத்துணையாளரும் எவ்வாறு வேலை செய்கின்றனர், எதனால் வேலை செய்ய முடியாதிருக்கின்றனர் என்பதை மாதமொருமுறையேனும் நேரிற் சென்று அறிதல் அவர்தம் கடன்.

“அது எம்முடைய அதிகாரமன்று” என்பர். உண்மைதான். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் நன்னடத்தையையும் சிறுவர் பராமரிப்பையும் மாகாண சபையின் கையில் ஒப்படைத்தது. ஆயின் அந்த மாகாண சபை எங்கே? கிழக்கு மாகாணத்தின் தலைமைச் செயலகங்கள் இத்திருகோணமலையிலேயே உள்ளன. 2008இலும் 2012இலும் மக்கள் வாக்களித்து உறுப்பினரைத் தெரிந்தனர். 2017 செப்டெம்பரில் அச்சபையின் பதவிக்காலம் முடிவுற்றது. அதன்பின் தேர்தல் நடைபெறவில்லை, ஆளுநரே ஆள்கின்றார். திணைக்களம் இருக்கின்றது, உத்தியோகத்தர் இருக்கின்றனர், பிள்ளைகளும் இருக்கின்றனர். அத்திணைக்களத்தை நோக்கி மக்கள் சார்பில் வினா எழுப்பும் மாகாண உறுப்பினர் ஒருவரேனும் இல்லை. பாராளுமன்றத்துக்கு இம்மாவட்டம் அனுப்பும் நால்வரை விட்டால், மக்கள் வாக்கைப் பெற்றோராக எஞ்சுவோர் 2025 மே 6ஆந் திகதி தெரிவான உள்ளூராட்சி உறுப்பினர் மட்டுமே. (அவர்களுடைய மன்றங்களும் 2023 மார்ச்சிலிருந்து ஈராண்டுக்கு மேலாக வெறிச்சோடிக் கிடந்தவைதாம்.) பெரிய சபை உறங்கும்போது சிறிய சபையும் கண்ணை மூடிக்கொள்ளுதல் எவ்வகையில் நியாயம்?

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் சபைகளுக்குக் குழுக்களை வகுத்தபோது, வீடமைப்புக்கும் சமுதாய அபிவிருத்திக்குமென ஒரு குழுவையும் வகுத்தது. தாய் வெளிநாட்டில், தந்தை மதுவில், பிள்ளை பாட்டியின் குடிலில் என்று வாழும் குடும்பத்தின் நிலை சமுதாய அபிவிருத்தியைச் சார்ந்ததன்றி வேறெதைச் சார்ந்தது? உறுப்பினர் கட்டளையிட வேண்டுமென நான் கூறவில்லை. கண்டு, கேட்டு, சபையில் எழுந்து பேசலாம். தீர்மானம் நிறைவேற்றி மாகாணத் திணைக்களத்துக்கு அனுப்பலாம். இதனைத் தடுக்கும் சட்டம் எது?

இரண்டாவது தடை உத்தியோகத்தரிடமிருந்து எழுவது. அதனை இலேசாகத் தள்ளிவிட முடியாது. “அரசியல்வாதி வந்தால் சிபாரிசும் உடன் வரும்” என்று அவர்கள் அஞ்சுகின்றனர். இன்னாருடைய பிள்ளையை இன்ன இல்லத்திற் சேர், இன்னார்மீதான முறைப்பாட்டை மெல்லக் கைவிடு என்ற பேச்சு எமது நாட்டிற் புதிதன்று. பிள்ளையின் இரகசியம் தேநீர்க்கடை வரை சென்றுவிடும் என்ற அச்சமும் நியாயமானதே. திருகோணமலையில் இவ்வச்சம் இன்னும் ஆழமானது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் நகரம் இது. போரும் 2004 டிசெம்பர் 26ஆந் திகதிய ஆழிப்பேரலையும் பெற்றோரைப் பறித்தபோது, எந்தப் பிள்ளை எந்தச் சமயத்தாரின் கையிற் சேர்கின்றது என்பதே ஊர்ப் பேச்சாயிற்று. அப்பேரலையால் அநாதரவான சிறாரின் பாதுகாவலுக்கென 2005இல் தனிச் சட்ட ஏற்பாடே செய்ய வேண்டியிருந்தது. இத்தகைய மண்ணில் ஓர் இனத்து உறுப்பினர் தம்மினத்துப் பிள்ளையைத் தேடி அலுவலகம் வருவாராயின், அப்பிள்ளை மீண்டுமொருமுறை வாக்குப்பொருளாகிவிடும்.

ஆதலால் வருகைக்கு வரம்பு வேண்டும். தனியொருவராகச் செல்லலாகாது, மூவினத்து உறுப்பினரும், வேறுபட்ட கட்சியினரும் ஒருங்கே செல்ல வேண்டும். பிள்ளையின் பெயர் கேட்கலாகாது, கோவையைத் திறக்கலாகாது. படக்கருவி வாசலைத் தாண்டலாகாது. இவ்வரம்புக்கு உட்பட மறுப்பவர் எதற்காக வருகிறார் என்பது அப்போதே வெளிப்பட்டுவிடும். ஆயின் சிபாரிசுக்கு அஞ்சி மக்கள் பிரதிநிதியை முற்றாக வெளியே நிறுத்துவதால் சிபாரிசு ஒழிந்துவிடுமா? அது தொலைபேசியில் நாள்தோறும் வந்துகொண்டுதான் இருக்கின்றது. வெளிப்படையான வருகை ஒன்றே இன்று நிகழாதிருப்பது.

இங்கிலாந்தின் அனுபவம் இங்கு நோக்கத்தக்கது. அங்கே சிறார் பாதுகாப்பு உள்ளூராட்சி மன்றத்தின் சட்டபூர்வமான பொறுப்பு. விக்ரோறியா கிளிம்பியே என்னும் எட்டு வயதுச் சிறுமி 2000ஆம் ஆண்டு இலண்டனில் உறவினர் வீட்டிற் சித்திரவதைப்பட்டு இறந்தாள். லாமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை 2003இல் வெளியாயிற்று. அச்சிறுமிக்குப் பொறுப்பாயிருந்த சமூகப் பணியாளர் வரையறைக்கு மேற்பட்ட பிள்ளைகளின் விடயங்களைச் சுமந்துகொண்டிருந்தார் என்பதும், மேலிருந்தோர் தமக்குத் தெரியாதென்று கைவிரித்தனர் என்பதும் அதனால் அம்பலமாயின. அடுத்த ஆண்டே, மன்றந்தோறும் சிறுவர் சேவைக்கென ஓர் உறுப்பினர் பொறுப்புக் கூற வேண்டுமெனச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் மட்டும் போதுமென்று எண்ணிவிடவும் வேண்டா. றொதரம் நகரில் 1997 முதல் 2013 வரை ஏறத்தாழ 1400 சிறார் பாலியற் சுரண்டலுக்கு ஆளாயினர் என்று 2014இன் அறிக்கை மதிப்பிட்டது. அங்கு உறுப்பினரும் இருந்தனர், சட்டமும் இருந்தது. விடாது வினவும் துணிவு இருக்கவில்லை.

எம் மாவட்டத்துக்கே திரும்புவோம். 2021 நவம்பர் 23ஆந் திகதி கிண்ணியாக் குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைச் சிறார் உட்படப் பலர் மாண்டனர். பாலம் கட்டப்பட்டுவந்த காலம் அது. படகுச் சேவைக்கு அனுமதியளித்தது நகர சபை. அதன் தவிசாளர் பின்னர் கைதுசெய்யப்பட்டார். குற்றம் யாருடையது என்பதைத் தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. நான் கேட்பது வேறு: அப்படகில் நாள்தோறும் எத்தனை பிள்ளைகள் ஏறினர் என்று, விபத்துக்கு முன்னர் ஒரு காலை வேளையிற் கரையில் நின்று எண்ணிப் பார்த்த உறுப்பினர் எத்தனை பேர்? விபத்தின் பின்னர் கரையில் நின்றோரை யாவரும் கண்டோம்.

அலுவலகத்துக்குச் செல்லும் உறுப்பினர் எதைக் கேட்பது? பெரும் படிப்பு வேண்டியதில்லை. ஓர் உத்தியோகத்தரின் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள்? இல்லத்திலுள்ள பிள்ளையை அவர் கடைசியாகக் கண்டு எத்தனை மாதம்? வெருகலுக்கோ குச்சவெளிக்கோ செல்ல வாகனம் உண்டா, எரிபொருள் உண்டா? வன்முறைக்குள்ளான பிள்ளை கதவு மூடிய அறையில் இருந்து பேச இடமுண்டா, அன்றேல் வரிசையில் நிற்போர் காதிலும் அது விழுகின்றதா? தமிழ் பேசும் பிள்ளையின் வாக்குமூலம் எம்மொழியிற் பதிவாகின்றது? வெற்றிடங்கள் எத்தனை, எத்தனை காலமாக? பெற்றோர் உயிரோடிருந்தும் வறுமை காரணமாக இல்லத்தில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? கடைசி வினாவுக்கு வரும் விடை உறுப்பினரைத் தூங்கவிடாது. எமது இல்லங்களில் வாழ்வோர் எல்லாரும் அநாதைகள் என்னும் எண்ணமே பிழை. பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ உண்டு. ஒரு தையல் இயந்திரமும், ஒழுகாத கூரையும், குடிகாரத் தந்தைக்குச் சிகிச்சையும் கிடைத்திருப்பின் வீட்டிலேயே வளர்ந்திருக்கக்கூடிய பிள்ளைகள் அவர்கள். கூரையும் வடிகாலும் முன்பள்ளியும் எவர் எல்லைக்குட்பட்ட விடயங்கள் என்பதை உறுப்பினருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

தம் மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் இம்மாவட்ட உறுப்பினர் எவரேனும் இவ்வினாக்களை எழுப்பி, கிடைத்த விடையை இச்சங்கத்துக்கு எழுதியனுப்புவாராயின், அடுத்த மலரில் அதனை ஒரு சொல்லும் குறையாது வெளியிட ஆசிரியர் குழு இணங்கும் என நம்புகிறேன். நிழற்படம் தேவையில்லை.