முதுமையும் படியின் உயரமும்

இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கப் போர்விமானங்கள் சில, நலமே தரையிறங்கிய பின்னர், விமானி சக்கரங்களை மடக்கிவிட்டமையால் சேதமுற்றன. விமானியின் கவனக்குறைவென்றே பலரும் கருதினர். அல்போன்ஸ் சப்பானிஸ் என்னும் உளநூலார் 1943-ஆம் ஆண்டில் ஆராய்ந்து, சக்கரத்தை இயக்கும் பிடியும் சிறகுமடலை இயக்கும் பிடியும் ஒன்றுபோல அருகருகே அமைந்தமையே காரணமெனக் கண்டார். சக்கரப் பிடிக்குச் சக்கர வடிவமே தரலாயினர். மனிதனைப் பழிக்குமுன் கருவியை நோக்குக என்பதே இதன் பாடம்.

ஆய்வுக்கலத்தில் வளர்க்கும் மனித உயிரணுக்கள் ஏறத்தாழ ஐம்பது முறை பிரிந்தபின் ஓய்ந்துவிடுமென 1961-இல் ஹேஃப்ளிக் காட்டினார். உடல் தளர்தல் இயற்கை, குற்றமன்று. நம் அண்டையிலுள்ள கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்திலும், பெங்களூர் மூளை ஆராய்ச்சி நிலையத்தார் முதியோரைத் தொடர்ந்து ஆராய்கின்றனர்.

ஆயினும், காவேரிப்பட்டினத்தில் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறும் மூதாட்டி இடறி வீழ்ந்தால், "வயதாயிற்றே, வீட்டிலிருக்கலாகாதா?" என்கிறோம், படியின் உயரத்தை அளப்பாரில்லை. படியைத் தாழ்த்தினால் செலவு மிகுமென்பர். முறிந்த இடுப்பெலும்புக்கு ஆகும் செலவை அவர்கள் எண்ணிற்றிலர். மாணவ நண்பர்களே! உயிரணுவின் மூப்பைத் தடுத்தல் நம்மாலாகாது. படியொன்றைத் தாழ்த்துவித்தல் ஆகும். அப்படியில் நாளை ஏறவேண்டியவரும் நாமே.